மாட்டிடம் சொன்ன புயல் சேதி

காற்றைப் பற்றித் தென்காசிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர முடியாது. சொன்னாலும் கேட்க மாட்டான். நானும் கேட்கவில்லை.

ஆனி பிறந்தால் மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். ஆவணி வரைக்கும் ஓயாது. குற்றாலத்தில் சாரல், எங்களுக்குக் காற்று. தலையில் கட்டின துண்டு அடுத்த ஊர் ஆய்க்குடியில் போய்க் கிடக்கும். (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.) அந்தக் காற்றில் எங்கள் தெருவில் ஓலை வீடு ஒன்றும் பறந்ததில்லை. காரணம் நான். சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை ஒற்றைமாட்டு வண்டியில் ஏற்றிப் போவது என் பிழைப்பு. கூரை கட்டுவது என் பெருமை. மேற்குப் பக்கம் கயிறு போட்டு, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு இறுக்குவேன். கிழக்குப் பக்கம் ஒன்றும் செய்ய மாட்டேன். அங்கிருந்து எந்தக் காற்று வரப்போகிறது?

யுத்தத்துக்கு முந்தி. எனக்குக் கல்யாணமாகி முதல் கார்த்திகை. என் பெண்டாட்டி செல்லம்மாவுக்கு ஏழாம் மாசம். பேறுகாலத்துக்கு அவளைக் கூட்டிப்போக மாமியார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்.

அந்தக் காலத்து மாமியார். மருமகன் முன்னால் நிற்க மாட்டார். பேசவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் என் காளை மயிலையிடம் சொல்வார். நானும் பதிலை மயிலையிடமே சொல்வேன். (எங்கள் குடும்ப விஷயம் முழுக்க அந்த மாட்டுக்குத் தெரியும்.)

அன்று விடியும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. ரயிலடிக்குத் தந்தி வந்திருந்ததாம். தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தார்.

"கடக்கரையில பெரும்பொயலு அடிக்குது! சாயந்தரத்துக்குள்ள இங்கன வருது! ஓலை வீட்டுக்காரங்கள்லாம் கல் சத்திரத்துக்குப் போயிரணும்!"

தெருவே என் வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு முப்பிடாதி கோழியும் கையுமாக நின்றான்.

"அண்ணாச்சி, போவமா, இருப்பமா?"

நான் மேற்கே பார்த்தேன். மலைப் பக்கம் ஒரு அசைவும் இல்லை.

"ஆடிக்காத்துக்கே நின்ன கூரைலே. இதுக்கா ஓடப்போற? இன்னும் ரெண்டு கல்லைக் கட்டு, போதும்."

முப்பிடாதி கோழியைக் கீழே விட்டான். தெருவும் கலைந்தது. ஆளாளுக்கு மேற்குக் கூரையில் கல் கட்டினார்கள். அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று. அன்று தெருவில் யாரும் சட்னி அரைக்கவில்லை.

நான் கயிறு இறுக்கும்போது தொழுவத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"ஏ மயிலை! கடல்ல வாற பொயலு கெழக்கேருந்துல்லா வரும். மேக்கே கல்லைக் கட்டினா கூரை நிக்குமா? நீயாவது சொல்லக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது.

"மயிலை, இது கடக்கரை இல்ல. தென்காசி. இங்கன காத்துக்கு ஒரே வாசல்தான். அது மேக்கே இருக்கு."

"மயிலை, காத்து இவுககிட்ட வழி கேட்டுட்டா வரும்?"

மயிலை அசை போட்டது. செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரும் மாட்டை விடுங்க. சத்திரத்துக்குப் போவோம்னு அம்மை சொல்லுதா."

"நீ என்ன சொல்லுத?"

"என்கிட்ட ரெண்டு உசிரு இருக்கு."

புத்தி உள்ளவனுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தெருவையே இருக்கச் சொல்லிவிட்டு நான் மூட்டை கட்டினால் நாளைக்கு எவன் மதிப்பான்?

"நீங்க போங்க. நான் வரல."

"நீங்க வராம நான் போகல," என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் காற்று வந்தது. கிழக்கேயிருந்து.

என் வீட்டு வாசலும் கிழக்கே. (மேல்காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டின வீடு.) கதவைத் தள்ளிக்கொண்டு காற்று உள்ளே புகுந்து, கூரையைக் கீழேயிருந்து குடை மாதிரி விரித்தது. கிழக்கு ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஏணி போட்டு ஏறி, கிழக்குக் கூரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் பாரமே போதும் என்று நினைப்பு. (அப்போது நான் முருங்கைக்காய் மாதிரி இருப்பேன்.)

கூரை என்னையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாமியார் அதற்குள் மகளை வண்டியில் ஏற்றி, மாட்டையும் பூட்டிவிட்டார். பிறகு என் வீட்டு முற்றத்தில், என் கண் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே! எறங்குலே மூதி! கூரைக்கு ஆளு வேணுமா, எம் பேரப்பிள்ளைக்கு அப்பன் வேணுமாலே?"

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த அதிர்ச்சியில் கைப்பிடி விட்டது. சறுக்கிக்கொண்டு நேரே உரக்குழியில் விழுந்தேன். விழுந்து நிமிர்வதற்குள் கூரை தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி புரண்டு மேற்கே கவிழ்ந்தது. நான் கட்டின கல் ஒன்றுகூட அவிழவில்லை. நல்ல கட்டு.

ஓலையில் மாட்டின என் வேட்டியும் கூரையோடு போய்விட்டது. மாமியார் முன்னால் கோவணத்தோடு நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மாற்றுச் சேலையை வீசினார்.

"சுத்திக்கிட்டு வாரும்."

வண்டியை அவர்தான் ஓட்டினார். மயிலைக்கு என் குரலைவிட அவர் குரல் பழகியிருந்தது. தெரு முழுக்கச் சட்டி, கோழி, பிள்ளையோடு பின்னால் ஓடிவந்தது. எல்லாருக்கும் முன்னால் சிவப்புக் கட்டம் போட்ட சேலையில் நான்.

சத்திரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒரு கிழவர் என்னையும் செல்லம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழாம் மாசம்னாங்களே, இதுல யாருக்குவே?"

புயலைவிடப் பெரிய சத்தம் அதற்குத்தான் எழுந்தது. என் பேச்சால் கூரையைப் பறிகொடுத்த முப்பிடாதி பெண்டாட்டிகூடச் சிரித்தாள். செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வயிறும் சேர்ந்து குலுங்கியது. எனக்கு உயிர் வந்தது.

தெருவில் கூரை போகாத வீடு இல்லை. ஆள் சேதம் ஒன்றும் இல்லை. தையில் மகள் பிறந்தாள். பேசத் தொடங்கின மாமியார், கண் மூடும் வரைக்கும் நிறுத்தவில்லை.

எனக்கும் வயசாகிவிட்டது. எங்கள் வீட்டில் வானத்தைப் பற்றி இன்றும் என்னிடம்தான் கேட்பார்கள். போன வாரம் மகள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"யப்பா, மழை வருமா?"

"வராது," என்றேன்.

மூன்று பேர் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து வந்தார்கள். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் நல்ல வெயில். ஈரத்துணி வீட்டுக்குள் கிடந்து நாறியது. அதை மட்டும் ஒருத்தரும் கதையாகச் சொல்வதில்லை.