காளியப்பன் வண்டி

பி.ஏ. பௌதிகத்தில் எனக்கு முதல் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பெருமைப்பட இடமிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேலத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், மிஞ்சிய காற்று ஊதாவாக ஒளிரும். அது வெள்ளித் தகட்டைத் தாக்கி அணு அணுவாகப் பெயர்க்கும். எதிரிலுள்ள கண்ணாடியில் வெள்ளி படியும். ஒரு பூச்சுக்கு ஒரு பகல் போய்விடும். காந்தம் வைத்தால் ஒளிர்வு தகட்டருகே திரண்டு வேலை சீக்கிரம் முடியும் என்பது என் யோசனை.

கல்லூரிக் காந்தம் குண்டூசியைத் தூக்கவே யோசிக்கும். மாமாவின் பஸ்ஸில், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மாக்னட்டோவில், நல்ல லாடக் காந்தம் இருந்தது. வண்டிக்கு ஓட்டம் இல்லாத ஒரு நாளில் டிரைவர் காளியப்பன் மாமாவுக்குத் தெரியாமல் கழற்றித் தந்தார். கூடவே ஓர் இரும்புத் துண்டு.

"வேலை முடிஞ்சதும் ரெண்டு முனைக்கும் குறுக்கே இதை வெச்சுருங்க சாமி. இல்லீன்னா காந்தம் செத்துப்போயிருமுங்க."

"எனக்கேவாண்ணா பௌதிகம்?" என்று சிரித்தேன். (இரும்புத் துண்டு காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது. காந்தத்தை இரண்டு முறை கீழே வேறு போட்டேன்.)

ஒளிர்வு ஒரு மூலைக்கு ஒதுங்கியது. வெள்ளியும் அங்கேயே படிந்தது. பேராசிரியர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் இடது காது தெரிகிறது" என்றார்.

காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் நானும் அந்த பஸ்ஸில் போனேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கூடைகளை ஏற்றிய பிறகு வண்டி கிளம்பவில்லை. உச்சி வெயில்.

"ஏனுங்க, வெத்தலை வாடுனப்புறந்தான் வண்டி போகுமுங்களா?" என்றார் கூடைக்காரர்.

சேதி போய் மாமாவே வந்துவிட்டார். "வண்டியை என்னடா பண்ணித் தொலைச்சே?"

காளியப்பன் என்னை ஒருமுறை பார்த்தார். நான் பின்சக்கரத்தை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"என் தப்புங்க" என்றார் அவர்.

அன்றே வேலை போயிற்று. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் கிராங்குக் கம்பியை மாமாவின் காலடியில் வைத்துவிட்டு நாமக்கல் சாலையில் நடந்தார். நான் கூப்பிடவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் எது கிளம்பாவிட்டாலும் அது 'காளியப்பன் வண்டி'. எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், மாமா போன பிறகும்.

போன வாரம் பேரனின் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. "தாத்தா, காளியப்பன் வண்டி!" என்று சிரித்தான். ஏனோ அன்று சேர்ந்து சிரிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நேற்று கிரைண்டர் நின்றுவிட்டது. "காளியப்பன் வண்டி" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, தாத்தா வண்டி" என்று திருத்தினான் பேரன்.