இடிவேங்கைக்கு உயிர் இருக்கிறதா?

நாமக்கல்
12.8.1984

பெருமதிப்பிற்குரிய 'இடிவேங்கை' இதழாசிரியர் அவர்களுக்கு,

நாமக்கல் லாரிக்காரன் ந. அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சென்னியம்மாளும் நலமாக இருக்கிறோம். தாங்களும் படம் வரைகிறவரும் அச்சுக் கோக்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் புது லாரி மட்டும் நலமாக இல்லை. அதற்குத் தங்கள் புத்தகம்தான் காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

"இது எங்கள் முதல் இதழ். சித்திரக்கதையே படித்திராதவர்களுக்கும் புரிகிறதா? கடைசிப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள்" என்று ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். என்னைவிடப் புதிய ஆள் தங்களுக்குக் கிடைக்க மாட்டான். இந்த ஐம்பத்து நான்கு வயதுவரை நான் வாசித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் பெர்மிட்டும்தான். போன மாதம் ஆத்தூரில் ஜவ்வரிசி லோடு பேசிவிட்டுத் திரும்பும்போது வாழப்பாடியில் பஸ் நின்றுவிட்டது, வெயில் தாங்கவில்லை, விசிறிக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று தங்கள் புத்தகத்தை வாங்கினேன். முதலில் இடது பக்கத்து மேல்வரிசைப் படங்களோடு வலது பக்கத்து மேல்வரிசையையும் சேர்த்து, வண்டிக் கணக்கு எழுதுகிற டிரிப் ஷீட்டைப் பார்க்கிற பழக்கத்தில் ஒரே கோடாகப் படித்துக்கொண்டு போனேன். அடிபட்டுச் செத்த கொள்ளைக்காரன் அடுத்த கட்டத்தில் காப்பி குடித்தான். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று பிறகு நானே கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் எங்குமே தடுமாறவில்லை. பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற சாதாரண ஆள் எப்படி இடிவேங்கை ஆனான் என்பது நாலே பக்கத்தில் விளங்கிவிட்டது. மேகம் போன்ற வளையத்துக்குள் இருப்பது மனதுக்குள் நினைப்பது என்று யாரும் சொல்லாமலே பிடிபட்டது. என் டிரைவர் காத்தானுக்கும் தலைக்கு மேல் அப்படியொரு வளையம் இருந்தால் என் பாதிக் கவலை தீரும்.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நான் விழுந்தேன். பிரேக் பிடிக்காமல் மலையிறங்கும் லாரியை இடிவேங்கை மார்பைக் கொடுத்து நிறுத்துகிறான். ஸ்பிரிங் பட்டைகூடத் தெளிவாக இருக்கிறது, பின்னால் நாலு டயருக்குப் பதில் இரண்டே டயர் போட்டிருப்பதை மன்னித்துவிடுகிறேன். மலைப்பாதையில் எனக்கு இரண்டு வண்டி கவிழ்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. மேற்கொண்டு புரட்டவே மனம் வராமல் சேலம் வரை அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போது பட்டறையில் என் புது வண்டிக்குப் பாடி கட்டி முடிந்து, புலி வேண்டுமா கழுகு வேண்டுமா என்று பெயிண்டர் தங்கமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். இடிவேங்கை என்றேன். புத்தகத்தை ஏணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எட்டு நாள் வரைந்தார். கேபின் நெற்றியில் இடிவேங்கை உயிரோடு நின்றான். ஒன்பதாம் நாள் காத்தான் டீ குடித்துக்கொண்டே அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, இந்த ஆளு செத்துப் போய்ட்டானுங்களே."

"ஆருடா சொன்னது?"

"நீங்களே பாருங்க. மேல பாறை உழுந்து கண்ண மூடிக் கெடக்கறான். செத்தவன் படத்தத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டு நான் மலையெறங்க மாட்டனுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க."

பார்த்தேன். பாறை, மூடிய கண், அதற்கப்புறம் பின்னட்டை. காத்தான் என்னோடு பத்தொன்பது வருஷமாக இருக்கிறான், அந்த இரண்டு வண்டி கவிழ்ந்தபோதும் அவன் ஓட்டவில்லை. அவன் போய்விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. "புலியே போட்டிருக்கலாமுங்கல்ல" என்று சென்னியம்மாள் வேறு சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள்.

ஆகையால் ஐயா, தங்கள் கேள்விக்கு என் பதில்: புதிய ஆளை இவ்வளவு மரியாதையாக வாசல்வரை வந்து அழைத்துப் போய் உட்காரவைத்த புத்தகம் வேறு இருக்க முடியாது. உட்கார்ந்தவன் தலையில் பாறையைப் போட்டதுதான் நியாயமில்லை. இடிவேங்கைக்கு உயிர் இருக்கிறது என்று ஆபீஸ் சீல் வைத்து ஒரு வரி அனுப்புங்கள், காத்தானிடம் காட்ட வேண்டும். உயிர் இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள், தங்கள் கையில்தானே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆத்தூரில் லோடு ஏற்றியாக வேண்டும்.

தங்கள் இதழ் பஞ்சர் இல்லாமல் பல லட்சம் மைல் ஓட வாழ்த்துகிறோம். படம் வரைகிறவரைச் சென்னியம்மாளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ந. அப்புசாமி

பி.கு. (22-ந் தேதி): கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை, புத்தகத்தில் முகவரியே காணோம். அதற்குள் காத்தானும் தங்கமுத்துவும் பேசி, இடிவேங்கைக்குப் பெரிய மீசை வைத்து, கையில் அரிவாள் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி முனியப்பன் ஆக்கிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்திக் காத்தான் வெள்ளிக்கிழமையே வண்டி எடுத்துவிட்டான். நேற்றுத்தான் சென்னியம்மாள் கடைசித் தாள் மட்டும் தடிமனாக இருப்பதைப் பார்த்தாள். தங்கமுத்துவின் சிவப்புப் பெயிண்டில் அது பின்னட்டையோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பிரித்தால் உள்ளே முகவரி, அதற்கு மேலே இருந்த படத்தில் பாறையைத் தள்ளிவிட்டுத் தூசி தட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பும் இடிவேங்கை. லோடு இறக்கித் திரும்பிய காத்தானிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "உசுரு இருந்தா இருக்கட்டுமுங்க. சாமிக்கு வெச்ச மீசைய எடுக்கப்படாதுங்க" என்று சொல்லிவிட்டான். எனவே சீல் எதுவும் வேண்டாம். இரண்டாம் இதழில் இடிவேங்கைக்கு மீசை மட்டும் வைத்துவிடுங்கள், என் வண்டியைப் பார்த்துவிட்டுப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் குழம்பக் கூடாது.