அக்னி மூலையில் ஒரு வாய்

எங்கள் வீட்டில் வாய் ஒன்றுதான். அது என் மனைவி அன்னத்தாயிடம் இருக்கிறது. இன்னொரு வாய் வைக்கப் போய்த்தான் நான் இந்தக் கதிக்கு ஆளானேன்.

தொண்ணூற்றேழில் பாளையங்கோட்டையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் கீழ்த்தளத்தில் குடியேறினோம். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் நானே. கூட்டத்தில் தூங்கிவிட்டதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தால் ஓஸ் குழாயை மாட்டி மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்ற, கட்டடத்துக்குச் சிவப்பாக ஓர் இரும்பு வாய் வேண்டும் என்றார்கள். அதை எங்கே வைப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அன்னத்தாய் கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

"நெருப்புச் சமாச்சாரம். அக்னி மூலையிலதான் வைக்கணும்."

அக்னி மூலை தென்கிழக்கு. ரோடு வடக்கே. பின்பக்கச் சந்தில், பூனை ஒருக்களித்துப் போகிற இடத்தில், வாயைப் பிளந்துகொண்டு நின்றது குழாய்.

பார்வையிட வந்த தீயணைப்பு அதிகாரி என்னையே பார்த்தார்.

"இங்கன வண்டி எப்படி சார் வரும்?"

"பைய வரும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ரோட்டுப் பக்கம் மாற்றாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் மாடி பூதலிங்கம் போகும்போதும் வரும்போதும் பிடித்துக்கொண்டார். "வே தில்லைநாயகம், தீப்பிடிச்சா நான் குதிக்கவா வே?"

அன்னத்தாய் சொன்னதை மாற்றக் கொத்தனாருக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வாஸ்துவெல்லாம் சும்மா என்று கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் வாதாடி ஓய்ந்தவன் நான். அலுத்துப்போய், அவள் வழியிலேயே போவது என்று முடிவு செய்தேன்.

"அன்னம், அந்தக் குழாய்ல நெருப்பா வருது?"

"நெருப்பை அணைக்கதுக்குத்தான வச்சிருக்கு?"

"எதை வச்சு அணைக்கான்?"

"தண்ணியை வச்சு."

"அப்ப அது தண்ணிக் குழாய். தண்ணிக்கு எந்த மூலை?"

கொஞ்சம் யோசித்தாள். "ஈசானி மூலை."

வடகிழக்கு! ரோட்டுப் பக்கம்! எனக்கு நாற்காலியில் ஏறிக் குதிக்கலாம் போலிருந்தது. முட்டிவலி விடவில்லை.

"நீங்கதான் வாஸ்துவை நம்ப மாட்டியளே?"

"இப்ப நம்புதேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"பூதலிங்கம் அண்ணாச்சி முன்னால சொல்லுவியளா?"

சொன்னேன். கேட்காமலே சத்தியமும் செய்தேன்.

குழாய் இடம் மாறியது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார், ஓஸை மாட்டிப் பார்த்தார், தலையாட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அன்னத்தாயை ஜெயித்திருக்கிறேன். இனிக் கட்டையைச் சாய்க்க வேண்டியதுதான் என்று வீட்டுக்குள் நுழைந்தேன். என் கட்டில் ரோட்டை ஒட்டிய வராந்தாவில் கிடந்தது. அதன் ஒரு முனையைப் பூதலிங்கம் பிடித்திருந்தார்.

"இது என்ன?"

"வடமேற்கு, வாயு மூலை. இனிமே உங்களுக்கு இங்கனதான்" என்றாள் அன்னத்தாய்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப என் ரூம்?"

"அது கன்னி மூலை. வீட்டுக்குத் தலைமையா இருக்கவங்கதான் அங்கன படுக்கணும். வாஸ்து சொல்லுது."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்!"

"எங்கம்மை சாயந்திரம் சீவலப்பேரி பஸ்ல வாரா. இனிமே நம்மகூடத்தான்."

முழுசாக நம்புவதாகச் சத்தியம் செய்த வாய். எதைப் பேசும்? கட்டிலில் உட்கார்ந்து, பாவமாகப் பூதலிங்கத்தைப் பார்த்தேன்.

"வாயு மூலை யாருக்கு வே?" என்று கேட்டேன்.

"விருந்தாளிக்கு வே. ரொம்ப நாள் தங்க மாட்டாவளாம்."