என் எடைக்குக் கால் சதவீதம் இசப்கோல்

தெரியாத வேலையில் மனுஷன் பயந்து பயந்துதான் கை வைப்பான். அரைகுறையாகத் தெரிந்த வேலையில்தான் முழுக் கையையும் விடுவான். நான் தோள்பட்டை வரை விட்டவன்.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் டிரம் செக்‌ஷனுக்கு நான் டெக்னீஷியன். (வாசிக்கிற டிரம் இல்லைங்க, தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மரப் பீப்பாய்.) என் மனைவி ஜெயந்திக்கு நிறைமாதம். முதல் குழந்தை பிறந்து அழவே இல்லை. அன்றைக்கு நான் ஷிப்டில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. அதனால் இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னா ஆனாலும் நீங்க கதவுகிட்ட நிக்கணும்."

நிற்க என் வயிறு விடவில்லை. பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுச் சாப்பிட்டு, கக்கூஸே கதி என்று கிடந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலில் இருந்த நல்ல பாக்டீரியாவும் மருந்தில் போய்விட்டது, அதைக் கொண்டுவர புரோபயாடிக் கேப்ஸ்யூல், அதற்குத் தீனியாக நார்ச்சத்து. தினம் ஒரு ஸ்பூன் இசப்கோல் போதும், தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றார்.

ஒரு ஸ்பூனாம்! எங்கள் தொழிலில் ஸ்பூன் கணக்கே கிடையாது. எந்த மருந்தானாலும் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான் போடுவோம். நான் எழுபது கிலோ. போனால் போகிறதென்று கால் சதவீதம் கணக்குப் போட்டேன், நூற்று எழுபத்தைந்து கிராம், கிட்டத்தட்ட ரெண்டு பாக்கெட் வந்தது. டிரம்மில் தண்ணீர் கம்மியாக விட்டால்தான் மருந்து உள்ளே நன்றாக ஏறும். ஆகவே தண்ணீரையும் கம்மி பண்ணினேன். தயிரில் பிசைந்து, கேப்ஸ்யூலை உடைத்துத் தூவி, காலையில் பாதி, மதியம் பாதி என்று முழுங்கினேன். சுவத்துக்குப் பூசற மாதிரி இருக்கே என்றாள் ஜெயந்தி. விவரம் தெரியாதவள் என்று சிரித்தேன்.

மறுநாள் அந்த விவரம் வயிற்றுக்குள் சிமென்ட்டாக இறுகிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. தொட்டால் உயிர் போனது. மச்சான் ஆட்டோ கொண்டுவந்தான். என்னைப் பார்த்த பயத்தில் ஜெயந்திக்கும் வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் எங்கள் ரெண்டு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரை முதலில் ஏற்றுவது என்று மச்சானைக் கேட்டார்.

அவளை மாடிக்குக் கொண்டுபோனார்கள். கீழே என் மூக்கில் டியூப். குடல் அடைத்திருக்கிறது, திறந்துதான் எடுக்கணும், லேட்டானால் ஆள் தங்கமாட்டார் என்று மச்சானிடம் சொன்னார்கள். அவன் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எனக்குச் சாவு பயத்தைவிட, மேலே அந்தக் கதவுகிட்ட ஒருத்தரும் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை. மேலே போடா என்று சொல்ல டியூப் விடவில்லை. அப்படியே மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பிறந்த பெண் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் ஜெயந்தி இந்தக் கதையைத்தான் எடுப்பாள். எனக்கு ஒரு பாப்பா, இவருக்கு ரெண்டு பாக்கெட் என்று முடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே சிரிப்பேன்.

போன மாதம் பெண் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நான் பொறந்தப்ப அழுதனாப்பா?" என்று கேட்டாள்.

நன்றாக அழுதாய் என்றேன்.

ஜெயந்தி சிரிக்காமல் சொன்னாள்: "என்னைக் கேளுடி. அவருக்குத் தெரியாது."