சர்வேயர் முருகேசுவின் கல்யாண கேசட்

டிவியில் முகம் வந்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்று பதினேழு வயதில் நம்பியவள் நான். மாறத்தான் செய்தது. என் வாழ்க்கை இல்லை, பக்கத்தில் நின்றவளுடையது.

அப்போது நான் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. தொண்ணூறுகளின் கடைசி. கேபிள்காரர்களே சொந்தமாக ஒரு சேனல் வைத்து, மத்தியானம் சினிமாவும் சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்தும் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் தலைமை ஆசிரியைக்கு ஒரு மனக்குறை இருந்தது. வருஷா வருஷம் பரீட்சை முடிந்த கையோடு பல பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. அதனால், பிள்ளைகள் என்னவாக ஆசைப்படுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஆவணப்படத் தொடராக எடுத்து, வாரத்துக்கு இரண்டு தோழிகள் என்று கேபிளில் காட்டினால் பெற்றோர் மனசு மாறும் என்று நினைத்தார். (இந்த நல்ல நோக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

முதல் வாரத்துக்கு முருகேஸ்வரியைத் தேர்ந்தெடுத்தார். வகுப்பில் அவள்தான் முதல். கூட நிற்க நான். நான் எத்தனையாவது என்று கேட்காதீர்கள். அவள் பெஞ்சில், அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.

முருகேசு (நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பேரையூர் பக்கத்துக் கிராமம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். சொந்தமாகக் கையகல நிலம் இல்லாத வீடு. அவள் அய்யா அடுத்தவர் காடு கழனியில் கூலி வேலை செய்தார். ஊருக்குள் நிலம் அளக்க சர்வேயர் வரும்போதெல்லாம், சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள்ளும் வரப்பிலும் ஓடுகிறவர் அவர்தான். மறுமுனையில் நிற்கிற சர்வேயருக்கு யாராவது குடை பிடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் முருகேசு. வகுப்பே டாக்டர், இன்ஜினியர், கலெக்டர் என்று மூன்றே மூன்று வேலைகளைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் சர்வேயர் ஆவேன் என்றாள். பாலிடெக்னிக்கில் எந்தப் படிப்பு, யாரிடம் விண்ணப்பம் வாங்க வேண்டும் என்பது வரை விசாரித்து வைத்திருந்தாள்.

எனக்கு அப்படி எந்த ஆசையும் இருக்கவில்லை. எல்லாரும் டாக்டர் என்கிறார்களே, நாம் கொஞ்சம் எடுப்பாகச் சொல்வோம் என்று இதய டாக்டர் என்று முடிவு செய்தேன். (லேபில் தவளையைப் பார்த்து மயங்கி விழுந்தவள் நான்.)

படம் எடுக்க வந்தவர் பால்ராஜ் அண்ணன். சிம்மக்கல்லில் வீடியோ கடை வைத்திருந்தார், கேபிள் சேனலுக்கும் அவர்தான் கேமரா. எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்கள் எல்லாம் அவர் எடுத்தவைதான். ஆவணப்படம் என்ற சொல்லை அவர் அதற்கு முன் கேட்டதில்லை, ஆனால் கேட்ட மாதிரி தலையை ஆட்டினார். தலைமை டீச்சர் அந்தப் பக்கம் போனதும் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "யூனிபார்ம்ல டல்லடிக்கும் பாப்பா. பட்டுச்சேல கட்டிட்டு வாங்க."

முருகேசுவிடம் பட்டு கிடையாது. நான் எதற்கு இருக்கிறேன் என்று கிளம்பினேன். எங்களுடையது சௌராஷ்டிர வீடு. அப்பாவுக்குச் சேலைக் கடை. அக்காவுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்ததால் பீரோ நிறையப் பட்டு. அம்மா எங்கள் பாஷையில், யார் அந்தப் பெண், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டை எடுத்துக் கொடுத்தார். (திரும்பி வந்ததும் அதை மட்டும் தனியாக நனைத்துப் போட்டார். அதை நான் முருகேசுவிடம் சொன்னதில்லை.) அக்கா நாட்டியத்துக்கு வாங்கிய கவரிங் செட்டையும் நான் பையில் போட்டுக்கொண்டேன். சர்வேயருக்கு ஒட்டியாணம் எதுக்குடி என்று முருகேசு கேட்டாள். கேமராவில் எடுப்பாக இருக்கும் என்று மாட்டிவிட்டது நான்தான்.

கீழக்குயில்குடிக்கு வேனில் போனோம். சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்துக்குத்தான் பால்ராஜ் அண்ணன் புது ஜோடிகளைக் கூட்டிப்போவார். எங்களுக்குத் துணையாக வந்த தையல் டீச்சர் ஆலமர நிழலைப் பார்த்ததும் தூங்கிவிட்டார். அதே மரத்துக்குப் பின்னாலிருந்து எங்களை எட்டிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். குளத்துத் தண்ணீரை அள்ளித் தெளிக்கச் சொன்னார். பிறகு முருகேசுவைத் தலையைக் குனிந்து, மெதுவாக நிமிர்ந்து, வெட்கப்படச் சொன்னார்.

"சர்வேயரு எதுக்குண்ணே வெக்கப்படணும்?" என்று கேட்டாள்.

"ஒரு ஷாட்டுக்குத்தான் பாப்பா," என்றார் அவர்.

கடைசியில்தான் பேசவிட்டார். இதய டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பேன் என்று நான் ஒப்பித்தேன். முருகேசு ஒப்பிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள். "எங்கய்யா இம்புட்டு வருசமா சங்கிலியோட ஒரு முனையப் பிடிச்சிட்டு ஓடுறாரு. நான் மறுமுனையப் பிடிக்கணும். எங்க ஊரு காட்டை நான் அளக்கணும்," என்றாள். பால்ராஜ் அண்ணன் காற்று ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லி பேட்டரியைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. ஹாஸ்டலில் அனுமதி வாங்கிக்கொண்டு முருகேசு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதலில் பிள்ளையார் வந்தார். அடுத்து ஒரு குத்துவிளக்கு தானாக எரிந்தது. ஒரு தாமரை விரிந்து, அதற்குள்ளிருந்து முருகேசு பட்டும் ஒட்டியாணமுமாக வெட்கப்பட்டு நிமிர்ந்தாள். மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. நான் ஒரு சிவப்பு இதயத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். (இதய டாக்டர் கனவு அந்த மட்டுக்கும் பலித்தது.) பேசுகிற இடம் வந்தது. எங்கள் வாய் அசைந்தது. பேச்சு வரவில்லை. ஒரு காதல் பாட்டுத்தான் முதலிலிருந்து கடைசி வரை ஓடியது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். முருகேசு மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பேசுனது எங்கடி?" என்று கேட்டாள்.

அதையே தலைமை டீச்சர் மறுநாள் பால்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "பேச்சு டிஸ்டர்பா இருந்துச்சு டீச்சர். அதான் பாட்டைப் போட்டேன்," என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டுச்சேலை கட்டிய பெண் வாயசைத்தால் சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் போடுவதுதான் அவர் தொழில்.

எனக்கும் டீச்சருக்கும் தெரியாத ஒன்று, முருகேசுவின் தாய்மாமன் சிம்மக்கல்லில் மூட்டை தூக்குகிறார் என்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டீக்கடையில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார். பிள்ளையார், குத்துவிளக்கு, ரோஜா இதழ், நடுவில் பட்டும் நகையுமாக அக்கா மகள். கூட இருந்த லோடுமேன்கள், உங்கக்கா மக கல்யாணத்துக்கு உங்களையே கூப்பிடலையாண்ணே என்று கேட்டிருக்கிறார்கள். தாய்மாமன் மாலை போடாமல் எந்தப் பெண்ணும் அவர்கள் வீட்டில் மணையேறியதில்லை. அதிலும் அவருக்கு முறைமாப்பிள்ளையாக ஒரு மகன் வேறு இருந்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறி, முருகேசுவின் அய்யா வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கூடும்படி சண்டை போட்டிருக்கிறார். அய்யாவுக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

இரண்டு பேரும் பள்ளிக்கு வந்தார்கள். டீச்சர் நாற்காலி போட்டு, ஆவணப்படம் என்றால் என்ன, எதற்காக எடுத்தோம் என்று பொறுமையாக விளக்கினார். மாமா முழுக்கக் கேட்டார். "கல்யாணம் ஆகலேங்குறது எனக்கு வெளங்கிருச்சு டீச்சர். டீக்கடையில பாத்தவனுக்கு யாரு வெளங்கவைக்கிறது?" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் உதவி செய்யப் புகுந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) அது எங்க வீட்டுச் சேலைதான் மாமா, நகையும் கவரிங்தான், நான்தான் போட்டுவிட்டேன் என்றேன். அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மாமாவின் முகம் இன்னும் கறுத்துவிட்டது.

"எங்க புள்ளைக்கு ஒரு சேல எடுத்துக் குடுக்க நாதி இல்லேன்னு, நீ கட்டிவிட்டியா தாயி?"

அவ்வளவுதான், அய்யா தலையைக் குனிந்துகொண்டார். கதவோரம் நின்ற முருகேசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பரீட்சை முடியட்டும், ஊர்ப் பேச்சை அடைக்க ஒரே வழிதான் இருக்கிறது என்று மாமா எழுந்தார். அய்யாவும் கூடவே எழுந்தார். எந்தக் கல்யாணத்தைத் தடுக்க டீச்சர் தொடர் எடுத்தாரோ அது அவர் அறையிலேயே நிச்சயமானது. தொடர் முதல் வாரத்தோடு நின்றது.

வைகாசியில் மாமா மகனோடு கல்யாணம். அதன் பிறகுதான் ரிசல்ட் வந்தது. பள்ளியில் முருகேசுதான் முதல். அறிவிப்புப் பலகையில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு நான் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். இதய டாக்டராகும் அளவுக்கு மார்க் வாங்காத நான் காலேஜ் போனேன், பாங்க் பரீட்சை எழுதினேன், கவுண்டரில் உட்கார்ந்தேன். ஆசையே இல்லாதவளுக்கு வழி முழுக்கத் திறந்துகிடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் அக்கா மகன், "பேச்சு டிஸ்டர்பா இருக்கு, பாட்டைப் போடுங்கண்ணே," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் கூடச் சிரித்துவைப்பேன்.

பல வருஷம் கழித்து பேரையூர் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தது. விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகள். நூறு நாள் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். வெட்டின குழியை அளக்க ஆபீசர் வரும்போது டேப்பைப் பிடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்களாம்.

"ஒரு முனையத்தான்டி," என்று சொல்லிச் சிரித்தாள்.

சின்னவள் என்னைப் பார்த்ததும், "அம்மா கல்யாண சிடியில வர்ற ஹேமா சித்தி," என்று கத்திக்கொண்டு டிவியைப் போட ஓடினாள். ஒரு தடவை வீடியோவில் வந்தது போதும் என்று, மாமா நிஜக் கல்யாணத்துக்கு வீடியோ வைக்கவில்லை. பிள்ளைகள் கல்யாணப் படம் கேட்டு அழுதபோது பால்ராஜ் அண்ணன் கடையிலிருந்த பழைய கேசட்டை வாங்கி சிடியாக்கிக் கொடுத்துவிட்டாள் முருகேசு. அம்மா கல்யாணத்துக்கு அப்பாவே வரலை, ஹேமா சித்திதான் வந்தாங்க என்பது அந்த வீட்டுக் கேலி. அவள் புருஷனும் அதற்குச் சிரித்தார்.

அரசாங்கம் கொடுத்த டிவியில் தாமரை விரிந்தது. மாம்பழ நிறப் பட்டில் பதினேழு வயது முருகேசு நேராகப் பார்த்து வாயசைத்தாள்.

"இதுல நீ என்னம்மா பேசுற?" என்று சின்னவள் கேட்டாள்.

முருகேசு என் பக்கம் திரும்பவில்லை. "வாரவங்களை வாங்கன்னு கூப்புடுறேன்டா," என்றாள்.

சின்னவளுக்கு அது போதவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். பாட்டுதான் இன்னும் பலமாகக் கேட்டது.