லைப்ரரியைக் காணோம்

லைப்ரரியைக் காணோம் என்று கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் மறுபடியும் கைவிரித்தபோது ஜெயவேலு கடிகாரத்தைப் பார்த்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கியர் தொழிற்சாலை. ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள். மத்தியானம் வாடிக்கையாளர்கள் வந்து, கியர் அளவு போட ஜெயவேலு எழுதிய ப்ரோக்ராம் ஓடுவதைப் பார்க்கப்போகிறார்கள். ஓடினால் அவனுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் பழையபடி தாம்பரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் கதி. வர்க்கமூலம், சைன் எல்லாம் போட்டுத் தருகிற கணித லைப்ரரி இல்லாமல் ப்ரோக்ராம் கம்பைல் ஆகாது, ஓடவும் ஓடாது. பூஜைக்கு முன்னால் வரை சமர்த்தாக இருந்த அந்த லைப்ரரி ஃபைல், இப்போது இருந்த சுவடே இல்லை.

கேட்கலாமென்றால் ஸ்ரீநிவாசராகவன் சார் திருப்பதியிலிருந்து இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஜெயவேலுவுக்கு அவர்மேல் மரியாதை இல்லை, பக்தி. என்ன மூளை அய்யா அது! பல் தேய்க்கும்போதும் ப்ரோக்ராம் யோசிக்கிற மனுஷர். அந்த யோசனையில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாக ஆபீஸ் வந்த நாளும் உண்டு.

ஜெயவேலு வண்டலூருக்கு ஓடினான். அங்கே வேலை பார்க்கும் நண்பன் துரைராஜிடம் லைப்ரரிகளை மொத்தமாக ப்ளாப்பி டிஸ்க்குகளில் வாங்கிவந்து மெஷினில் கொட்டினான். அது வேறு வெர்ஷன். இப்போது கம்பைல் கிடக்கட்டும், ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளைகூட மக்கர் பண்ணியது. கொட்டியதை அழிக்கலாமென்றால் அழிக்கிற கட்டளையும் படுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக சார் உள்ளே வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

உயிரோடிருந்த ஓரிரண்டு கட்டளைகளை வைத்தே மூலை முடுக்கெல்லாம் துழாவினார். பழைய ஃபைல்களின் பிரதியைக் கண்டுபிடித்து மெஷினைத் தூக்கி நிறுத்திவிட்டார். கணித லைப்ரரி மட்டும் அதிலும் இல்லை.

"இல்லாட்டி போறது. நாமளே எழுதிக்கலாம்."

ஒரு புத்தகத்தைத் திறக்கவில்லை. வர்க்கமூலமும் சைனும் அவர் விரலிலிருந்து சரசரவென்று இறங்கின. வாடிக்கையாளர்கள் வந்தபோது ப்ரோக்ராம் ஜம்மென்று ஓடியது. ஜெயவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பான்.

வந்தவர்கள் போனதும் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கூட நின்ற மேனேஜரிடம் திரும்பினார்.

"ஃபைலுக்குக் கால் முளைக்காது சார். யாரோ எடுத்திருக்கணும். யாருன்னு தெரியற வரைக்கும் ஜெயவேலுவோட பர்மனென்ட் ஆர்டர் நிக்கட்டும்."

ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டான். தெய்வமே இப்படிச் சொல்லிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

வாசலில் யாரோ செருமினார்கள். வாட்ச்மேன் ஏசுபாதம். கையில், சந்தனம் குங்குமம் வைத்த ஒரு ப்ளாப்பி. அதை ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் நீட்டினார்.

"சாமி படத்தாண்ட கெடந்துச்சு சார். 'நம்ம ஆயுதம் இதான், சாமிக்குக் காப்பி வைக்கக் கூடாது, அசலையே எடுத்து வச்சிட்டேன்'னு அன்னிக்குச் சொன்னீங்களே, திருப்பி எடுத்துக்கினு போவலியா?"