கிழிசல் கேட்ட சினிமாவும் ஊசி பாயும்

பென்னாகரத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு மனிதன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டால், அன்று ஊசி பாய் ஊரில் இல்லை என்று அர்த்தம். பெயருக்கு ஒரு டெய்லர் கடை வைத்திருந்தார். கடைக்குள் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. சட்டைக் காலரின் மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். எதிரே வருகிறவர் தாசில்தாரானாலும் சரி, ஆடு மேய்க்கிறவரானாலும் சரி, "ஒரு நிமிசம் நில்லுங்க" என்று நிறுத்தி, ஆளோடு சேர்த்துச் சட்டையைத் தைத்துவிடுவார்.

ஒருமுறை தர்மபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவருக்குத் தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது. பாய் ஏறி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். கண்டக்டர் ஊதிய விசில் அவர் காதில் விழவில்லை. நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தபோது இண்டூர் வந்திருந்தது. டிக்கெட் எங்கே என்று கேட்ட கண்டக்டரிடம், "ஒங்க பாக்கெட்டு பிரிஞ்சிருக்குதுங்களே" என்றாராம். அதையும் தைத்துவிட்டுத்தான் எதிர் பஸ் பிடித்தார்.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனேன். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். தர்மபுரி ஜில்லாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவும் வாரப்பத்திரிகையும் சொல்லிக்கொடுத்ததுதான். படத்தில் கெட்ட அதிகாரி நல்ல அதிகாரியை மிரட்ட வேண்டுமென்றால், "தர்மபுரிக்குத் தூக்கியடிச்சிடுவேன்" என்பார். தொடர்கதையில் அந்தப் பக்கத்து ஆள் வந்தால் கையில் அரிவாள் இருக்கும், இல்லாவிட்டால் திருவோடு இருக்கும். ஆகவே ஒரு டஜன் மெழுகுவத்தி, பாம்புக்கடிக்கு ஏதோ ஒரு வேர், இவற்றோடு, "அந்த ஊருக்கு இது போதும்" என்று வீட்டில் கழித்துப் போட்ட சட்டைகளாகப் பார்த்து அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்தது. சரி, அரிவாள்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அசையாதீங்க சார், ஊசி. எந்த ஊருங்க?"

"மெட்ராஸ்."

"அடப் பாவமே! சினிமால பாத்தா மெட்ராஸ்காரங்க எல்லாம் கோட்டுப் போட்டுக்கிட்டு மாடிப்படில எறங்கி வர்றாங்க. நெசத்துல இப்பிடிக் கஷ்டப்படறீங்கன்னு தெரியாமப் போச்சுங்களே. வூட்ல எத்தினி பேருங்க?"

ஒரு வாரம் டீக்கடையில் எனக்கு மட்டும் பன் பெரிதாக வந்தது. மெட்ராஸில் பஞ்சம் என்று பாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. ஒரே ஒரு கிழிந்த காலரை வைத்து ஒரு ஊரையே எடை போடலாமா என்று நியாயம் பேசப் போனேன். நான் மட்டும் எதை வைத்து எடை போட்டுக்கொண்டு வந்தேன் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பாய்க்கு ஒரே மகன், ஜாபர். சென்னையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தான். ஒருநாள் அவன் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "அத்தா, நீங்கள் ஹாஸ்டலுக்கு வர வேண்டாம். இங்கே சேலம் என்று சொல்லியிருக்கிறேன். தர்மபுரி என்றால், உங்கள் ஊரில் சட்டை போடுவார்களா என்று கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தான்.

"ஊருக்கே சட்டை தைக்கறவன் மவனுங்க சார் அவன்" என்றார் பாய். அன்று முழுக்க அவர் யாரையும் நிறுத்தவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒகேனக்கல்லுக்கு ஷூட்டிங் வந்தது. கூட்டத்தில் நிற்க நாற்பது பேர் வேண்டுமாம். சினிமாவாயிற்றே! நாற்பது பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றார்கள். உதவி இயக்குநர் பதறிப்போனார்.

"யாருய்யா இவங்க? தர்மபுரி ஜனங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா..."

"இவங்கதாங்க அவங்க" என்றார் பாய்.

கம்பெனி கையோடு மூன்று மூட்டை துணி கொண்டுவந்திருந்தது. எல்லாம் புதுத்துணி. பிளேடால் கிழித்து, டீ டிகாக்ஷனில் முக்கி எடுத்தது. அளவு சரியில்லை, தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடு என்று மூட்டைகளைக் கொடுத்தார்கள். யாரிடம்? ஊசி பாயிடம்!

இரண்டு நாள் கழித்து மூட்டைகள் திரும்பி வந்தன. ஒரு கிழிசல் இல்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைத்திருந்தார். "கறை மட்டும் போவலீங்க. மன்னிச்சுக்கங்க" என்றார்.

"யோவ், கிழிசல்தான்யா வேணும்!"

"கிழிக்கறதுக்கு எதுக்குங்க டெய்லரு?"

உதவி இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு, தானே உட்கார்ந்து நாற்பதையும் மறுபடி கிழித்தார். பாய் மட்டும் கந்தலைப் போட மாட்டேன் என்று தன் வெள்ளைச் சட்டையோடு நின்றார். "கேமராவுல படாம கடைசில போய் நில்லு" என்று விரட்டினார்கள். திரும்பி வரும்போது, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னிடம் பாய், "இந்தப் படம் வந்தா எம் பையன் சேலத்தையும் வுட்டுட்டு வேற எதாச்சும் ஊரு சொல்லுவான் சார்" என்றார்.

சில மாதம் கழித்து நான் லீவில் சென்னைக்குக் கிளம்பினேன். மகனுக்குத் தைத்த புதுச் சட்டையைப் பாய் கொடுத்தனுப்பினார். ஹாஸ்டலுக்குப் போனால், பையன்களெல்லாம் அந்தப் படத்துக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜாபர் முகம் வெளிறியிருந்தது. நானும் கூடப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் சோற்றுப் பொட்டலம் வீச, கந்தல் கூட்டம் கையேந்துகிறது. "தர்மபுரிடா!" என்று யாரோ கத்த, தியேட்டரே சிரித்தது. ஜாபர் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஜாபர், மேல பாரு" என்று அவன் தொடையைத் தட்டினேன்.

திரையின் ஓரத்தில், கடைசி வரிசையில், பளிச்சென்று ஒரு வெள்ளைச் சட்டை. கையேந்தவில்லை. கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் பொட்டலத்துக்குத் தாவ, பாய் மும்முரமாக, முன்னால் நின்றவரின் கிழிந்த தோளைத் தைத்துக்கொண்டிருந்தார்!

ஜாபர் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டான். "டேய், அது எங்க அத்தாடா! தச்சிக்கிட்டு இருக்காரு பாருங்கடா! எங்க அத்தா!"

"சேலத்துல இருக்காருன்னு சொன்னே?" என்றான் ஒருவன்.

"பென்னாகரம்டா. தர்மபுரி ஜில்லா" என்றான் ஜாபர், பின்வரிசை வரை கேட்கும்படி.

எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாருக்கும் அந்த ஊர்தானா?"

என் கை தானாகக் காலருக்குப் போனது. பாய் போட்ட தையல் அங்கே அப்படியே இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.